சொந்தமாக ஃப்ளை கட்ட ஆசையா? ஈசலில் தொடங்குங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, ஆறு மாசமா ஃப்ளை கம்பு வச்சு வீசிப் பழகுறேன். ஆன்லைன்ல வாங்குன ஃப்ளை பாதி ஆகாயத்தாமரையில மாட்டிப் போயிட்டு. மீதியை மீன் எட்டிக்கூடப் பார்க்கல. நானே கட்டலாம்னு பார்த்தா கிட்டு ஆயிரக்கணக்குல விலை சொல்லுதாங்க. வாங்கவா? எந்த ஃப்ளையில ஆரம்பிக்க?"

தம்பி, கிட் வாங்காதீர்கள். முதல் ஃப்ளையாக ஈசலைக் கட்டுங்கள். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

இந்தப் பக்கமே வராதவர்களுக்காக ஒரு வார்த்தை. தூண்டில் முள்ளின் தண்டில் நூல், இறகு, முடி, பஞ்சு என்று சுற்றி, மீன் தின்னும் பூச்சி மாதிரியோ குஞ்சு மீன் மாதிரியோ செய்வதுதான் ஃப்ளை. நாங்கூழ் கோக்க வேண்டாம், மாவு உருட்ட வேண்டாம். ஃப்ளைக்கு எடையே கிடையாது என்பதால், கனமான ஒரு நூலை வீசி அதன் இழுப்பில் ஃப்ளையைத் தண்ணீரில் இறக்குவார்கள். சுமார் 1800 வருடங்களுக்கு முன்பே ஈலியன் என்ற ரோமானியர், மாசிடோனியா ஆற்றில் முள்ளைச் சுற்றிச் சிவப்புக் கம்பளி கட்டி, சேவலின் தாடைக்குக் கீழே இருக்கும் இறகு இரண்டைச் செருகி மீன் பிடித்ததைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். கம்பளி, சேவல் இறகு, முள், நூல். இந்த நாலும் டவுன் ரதவீதியைச் சுற்றி ஒரு நடை போனால் கிடைக்கிற சாமான்.

கிட் வேண்டாம் என்பதற்குக் காரணம் அதில் வரும் சாமான்தான். அநேகமாக எல்லாக் கிட்டும் ட்ரவுட் மீனை மனதில் வைத்துப் போட்டது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் குளிர்ந்த ஓடைகளில் வாழ்கிற மீன் அது. நம் பக்கத்தில் நீலகிரிக்குத்தான் பொருந்தும். அங்கே 1907-லேயே அவலாஞ்சியில் ட்ரவுட் குஞ்சுப் பண்ணை வைத்துவிட்டார்கள். பாளையங்கால்வாயில் கிடக்கிற கெண்டைக்கும் மானூர்ப் பக்கத்துக் குளத்து ஜிலேபி மீனுக்கும் அந்தப் பூச்சிகள் பழக்கமில்லை. போதாததற்கு, மலிவான கிட்டில் சாயம் போட்ட சொத்தை இறகுதான் இருக்கும். ஐந்து ஃப்ளைக்கு மேல் அதில் தேறாது. மீன் எட்டிப் பார்க்கவில்லை என்று நீங்கள் சொன்னதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஈசல் எதற்கென்றால், நம் தண்ணீரில் எல்லா மீனும் ஒரே நேரத்தில் மேலே வந்து ஒரே இரையைத் தின்பதை நான் ஈசல் பறக்கும் சாயங்காலத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஐப்பசியில் முதல் பெருமழை பெய்து வெறித்த அன்றைக்குக் குளத்தங்கரைத் தெருவிளக்குக்குக் கீழே போய் நில்லுங்கள். விளக்கைச் சுற்றிய ஈசல் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழும். விழுந்த இடத்தில் "பொளக்" என்று ஒரு சத்தம், ஒரு வட்டம். கொஞ்ச நேரத்தில் மழை மறுபடி பிடித்துவிட்டதோ என்கிற மாதிரி தண்ணீர் முழுக்க வட்டமாகிவிடும். அந்த நேரத்தில் மண்புழுவைப் போட்டால் மீன் திரும்பிப் பார்ப்பதில்லை. ஈசல் மாதிரி ஒன்று மிதந்தால் போதும்.

கட்டுவதற்கு முன்னால் ஒரு ஈசலைப் பிடித்து, வெள்ளைப் பீங்கான் தட்டில் தண்ணீர் ஊற்றி அதில் போட்டுப் பாருங்கள். உடம்பு பழுப்பு, ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. சிறகு உடம்பைவிட நீளம். வால் பக்கத்தைத் தாண்டிப் போகும். நாலு சிறகும் ஏறக்குறைய ஒரே நீளம். தண்ணீரில் அது நிமிர்ந்து நிற்காது. சிறகு தண்ணீரோடு ஒட்டிப் படுத்திருக்கும், உடம்பு பாதி முங்கியிருக்கும். கீழேயிருந்து பார்க்கும் மீனுக்குத் தெரிவது அதுதான். கடையில் விற்கும் ஃப்ளை அழகாக எழும்பி நிற்பதைப் பார்த்து அதே மாதிரி கட்டினால் ஈசல் ஆகாது.

இனி சாமான். பணம் கொடுத்து வாங்க வேண்டியது மூன்று. முதலாவது வைஸ். மேசை விளிம்பில் இறுக்கி, அதன் வாயில் முள்ளைக் கவ்வ வைப்பது. வாய் கடினமான இரும்பாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இளகிய இரும்பு பத்து முள்ளிலேயே பள்ளம் விழுந்து வழுக்க ஆரம்பித்துவிடும். நகை வேலை செய்யும் ஆசாரிமார் கையில் இருக்கும் சின்னக் கை வைஸைப் பெரிய வைஸில் இறுக்கியும் வேலையை ஓட்டலாம், நான் இரண்டு வருஷம் அப்படித்தான் ஓட்டினேன். இரண்டாவது பாபின் ஹோல்டர்: நூல்கண்டைப் பிடித்துக்கொண்டு, சின்னக் குழாய் வழியாக நூலை விடுகிற கருவி. இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். குழாய் வாயில் பீங்கான் வைத்தது வாங்குங்கள். வெறும் இரும்புக் குழாயில் பிசிறு இருந்தால் நூலை அறுத்துக்கொண்டே இருக்கும். தப்பு நம் கையில்தான் என்று நினைத்துப் பலபேர் கட்டுவதையே விட்டுவிடுகிறார்கள். மூன்றாவது, நுனி கூர்மையான சின்னக் கத்தரி. அதை நூலுக்கும் இறகுக்கும் மட்டும் வையுங்கள், கம்பி வெட்டக் கூடாது.

முடிச்சுப் போடும் கருவி என்று தனியாக விற்பார்கள். தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனாவின் கூடு போதும். பசைக்கு நிறமில்லாத நகப்பாலிஷ். நூலில் தடவத் தேன்மெழுகு. குத்திக் கிளற ஒரு சாக்கு ஊசி.

நூலுக்குத் தையல் மெஷின் நூல் ஆகும், ஆனால் சின்ன ஃப்ளைக்குத் தடிமன். மெஷின் எம்பிராய்டரிக்கு விற்கும் பாலியெஸ்டர் நூல் மெல்லிசு. பார்க்க அதே மினுமினுப்பாக ரேயான் நூலும் இருக்கும், கேட்டு வாங்குங்கள்; ரேயான் நனைந்தால் வலு குறைந்துவிடும். ஃப்ளைக்கென்றே உள்ள நூல் வாங்குவதானால் 140 டெனியர் வாங்குங்கள். டெனியர் என்பது 9000 மீட்டர் நூலின் எடை கிராமில். எண் கூடினால் நூல் தடிமன். 70 டெனியர் கை பழகின பிறகு.

இறகுக்கு வருவோம். இதில்தான் நம் ஊர்க்காரர்களுக்குக் கொடுப்பினை இருக்கிறது. பிராய்லர் கடை இறகைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது ஆறு வாரக் கோழி. இறகு முற்றியிருக்காது, தண்ணீரில் நிற்காது. ஆனால் இறகின் அடியில் இருக்கும் புசுபுசுவென்ற வெள்ளைத் தூவியை எடுத்து வையுங்கள், பின்னால் சொல்கிறேன். நமக்கு வேண்டியது வயசான நாட்டுச் சேவலின் கழுத்து இறகு. ஒடுங்கி, நீளமாக, மினுக்கமாக, தடவினால் முள்முள்ளாக நிற்கும். ஊரில் சுடலைமாடன் கோயில் கொடை முடிந்த மறுநாள் காலையில் போய்க் கேட்டுப் பாருங்கள். ஒரு வருஷத்துக்கான சாமான் ஒரே நாளில் சேரும்: கருஞ்சேவல், செஞ்சேவல், சாம்பல், வெள்ளை. கிடாவின் வால் முடியையும் கேட்டு வாங்குங்கள். எனக்கு யாரும் இல்லையென்று சொன்னதில்லை.

கொண்டுவந்ததை அப்படியே டப்பாவில் போட்டு மூடாதீர்கள். ஒரு கொடையில் சேர்த்த நல்ல செஞ்சேவல் கழுத்து மூன்றை நான் சரியாகக் காயவைக்காமல் மூடி வைத்தேன். இரண்டு மாதம் கழித்துத் திறந்தபோது பூச்சி விழுந்து, தண்டும் தூளும்தான் மிச்சம். அந்த நிறம் மறுபடி கிடைக்க நாலு வருஷம் ஆனது. ஷாம்பு போட்டு அலசுங்கள், நிழலில் நன்றாக உலர்த்துங்கள், கவரில் கட்டி ஃப்ரீசரில் நாலு நாள் வையுங்கள். பிறகு டப்பாவில் அந்துருண்டையோடு போடுங்கள்.

மயில் இறகையும் கானக்கோழியையும் பற்றி விவரமாகவே சொல்ல வேண்டும். மயில் தோகையின் நார் இந்தத் தொழிலில் உலகம் முழுக்கப் பேர் போனது. முள்ளில் சுற்றினால் வண்டின் முதுகு மாதிரி பச்சையும் செம்புமாக மின்னும். நம் வயல் வரப்பில் தானாக உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கி வீட்டில் வைத்துக்கொள்ளத் தடையில்லை. வெளிநாட்டு நண்பருக்கு அனுப்பினால் குற்றம். பறவையைத் தொட்டால் 1972-ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாயும். கானக்கோழிச் சேவலின் கழுத்து இறகில் அரக்குப் பொட்டு வைத்த மாதிரி மஞ்சள் புள்ளி இருக்கும். வெள்ளைக்காரர்கள் சால்மன் ஃப்ளைக்குக் கண்ணாக வைக்க அதைத் தேடித் தேடி வாங்கினார்கள். அந்த இறகுக்காகவே நம் மலைகளில் இந்தப் பறவை கணக்கில்லாமல் செத்திருக்கிறது. யாராவது களக்காட்டுப் பக்கமிருந்து கொண்டுவந்து கொடுத்தாலும் கை நீட்டாதீர்கள். கூந்தன்குளத்துக்குப் போய்ப் பறவை இறகு பொறுக்குவதும் வேண்டாம். அந்த ஊர் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகப் பொத்திப் பொத்தி வளர்த்த பறவைகள் அவை. நாட்டுச் சேவல் நமக்குப் போதும்.

மிச்ச சாமான் சில்லறைதான். பழைய பட்டுச் சேலையிலிருந்து பிரித்த சரிகை, மினுக்கத்துக்கு. மோட்டார் காயில் கட்டும் கடையில் மிஞ்சுகிற மெல்லிய செம்புக் கம்பி, எடைக்கு. இங்கிலாந்தில் ஏவன் ஆற்றுக்குக் காவலராக இருந்த ஃபிராங்க் சாயர், நூலே இல்லாமல் செம்புக் கம்பியையே நூலாகச் சுற்றித்தான் தன்னுடைய பேர்போன ஃப்ளையைக் கட்டினார். கடைசியாக இலவம் பஞ்சு. பழைய தலையணையைப் பிரித்தாலே ஒரு ஆயுளுக்குக் காணும். அதன் இழை உள்ளே வெறும் குழல், மேலே மெழுகுத் தன்மை, தண்ணீர் ஏறாது. ஈசலுக்கு இதைவிட நல்ல உடம்பு இல்லை.

கட்ட உட்காருமுன் நூலோடு பழகுங்கள். எங்கள் தெருவில் பூக்கட்டும் ஆச்சி ஒருத்தி உண்டு. நான் இறகை இறுக்கி இறுக்கிக் கட்டி, அது முள்ளைச் சுற்றி உருண்டு போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், கையிலிருந்த பிச்சிப்பூவைக் காட்டிச் சொன்னாள்: "எய்யா, நாரு பூவைப் பிடிக்கணும், நெரிக்கக் கூடாது. முதச் சுத்து சும்மா கிடக்கட்டும். ரெண்டாஞ் சுத்துல இழு." ஃப்ளை கட்டுகிறவர்கள் முதல் நாளில் கற்றுக்கொள்ளும் பிடியும் அதேதான். இறகைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் முள்ளோடு சேர்த்துப் பிடியுங்கள். நூலை விரல்களுக்கு நடுவே மேலே கொண்டுவந்து, தளர்வாக ஒரு வளையம் போட்டு, அந்தப் பக்கம் இறக்குங்கள். விரலை எடுக்காமலே நூலை நேராகக் கீழே இழுங்கள். இன்னொரு தடவை. பிறகுதான் விரலை எடுக்க வேண்டும். இறகு வைத்த இடத்திலேயே நிற்கும். இந்த ஒரு பிடி கைக்கு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நூல் எந்த இழுப்பில் அறும் என்று தெரிய, வேண்டுமென்றே பத்துத் தடவை அறுத்துப் பாருங்கள். அதற்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்துவதுதான் சரியான இறுக்கம்.

இப்போது ஈசல். எண் 12 முள், மெல்லிய கம்பியில் செய்தது. முள் எண்ணில் ஒரு விஷயம்: எண் ஏற ஏற முள் சின்னது. கெண்டைக்கு 14, நல்ல ஜிலேபி இருந்தால் 10. முள்ளை வைஸில் வைக்கும் முன் எதிர்முள்ளை, அதாவது நுனிக்குப் பக்கத்தில் பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன முள்ளை, இடுக்கியால் அமுக்கிவிடுங்கள். மீனை விடுவதும் லேசு, நம் விரலில் ஏறினால் எடுப்பதும் லேசு.

முள்ளின் காதுக்கு, அதாவது நைலான் நரம்பு கோக்கும் துளைக்கு, பின்னால் காதளவு இரண்டு இடம் விட்டு நூலைத் தொடங்கி, வளைவு வரை நெருக்கமாகச் சுற்றுங்கள். வெறும் தண்டில் எதைக் கட்டினாலும் வழுக்கும். அடியில் நூல் இருந்தால் பிடிக்கும். இலவம் பஞ்சு தனியாக நூலில் ஒட்டாது, வழவழப்பு. பழுப்புக் கம்பளி நூலைப் பிரித்துப் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள். நூலில் தேன்மெழுகு தடவி, பஞ்சைத் துளித்துளியாக வைத்து ஒரே திசையில் உருட்டுங்கள், விளக்குத் திரி திரிப்பது மாதிரி. கூடவே கூடாது என்பது பஞ்சை அள்ளி வைப்பது. போதும் என்று நினைப்பதில் பாதியை எடுங்கள். அந்தத் திரியை வளைவிலிருந்து முன்னோக்கிச் சுற்றி, தண்டில் முக்கால் பங்கு தூரத்தில் நிறுத்துங்கள்.

சிறகுக்கு இரண்டு வெளிர் சாம்பல் கழுத்து இறகின் நுனி. வளைவைத் தாண்டி முள்ளின் பாதி நீளத்துக்கு வெளியே நிற்கும்படி, முதுகின் மேல் மட்டமாகப் படுக்க வைத்து, ஆச்சி சொன்ன பிடியில் கட்டுங்கள். சிறகு கட்டிய இடத்துக்கு முன்னால், காதுப் பக்கமாக, ஒரு பழுப்புக் கழுத்து இறகைத் தண்டோடு சேர்த்துக் கட்டி மூன்று நான்கு சுற்று. இறகின் முடி நீளம், முள்ளின் நுனிக்கும் தண்டுக்கும் உள்ள இடைவெளியைப் போல ஒன்றரை மடங்கு இருக்கட்டும். சுற்றியதும் எட்டுப் புறமும் முடி நிற்கும். கீழ்ப்பக்கத்து முடியைக் கத்தரியால் மட்டமாக வெட்டுங்கள். இந்த வெட்டில்தான் ஃப்ளை தண்ணீரோடு ஒட்டிப் படுக்கும்.

தலையில் ஏழெட்டுச் சுற்று. பேனாக் கூட்டின் நுனியில் நூலை ஒரு வளையம் போட்டு, கூட்டை முள்ளின் காதில் வைத்து வளையத்தைத் தள்ளினால் முடிச்சு விழும். மூன்று முடிச்சு. ஊசி நுனியில் ஒரு துளி நகப்பாலிஷ். காது அடைத்திருந்தால் காய்வதற்குள் குத்தித் திறந்துவிடுங்கள். இருட்டில், குளக்கரையில், நரம்பு கோக்கும்போது காது அடைத்த ஃப்ளை கையில் வந்தால் அழுகை வரும்.

முதல் ஃப்ளையில் எல்லோரும் செய்கிற பிழை ஒன்றுதான்: காதுப் பக்கம் இடம் இல்லாமல் நெருக்கிவிடுவது. ஆரம்பத்தில் இரண்டு காதளவு விட்டதை எதற்காகவும் தொடாதீர்கள். வேறு எந்த ஃப்ளைக்கும் போகாமல் ஈசலையே பன்னிரண்டு கட்டுங்கள். பிடிக்காததை பிளேடால் அறுத்து, முள்ளை மறுபடி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் முதலாவதை மட்டும் அப்படியே வையுங்கள். பன்னிரண்டாவதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது கை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

ஈசல் எல்லா நாளும் பறக்காது. மற்ற நாளைக்கு முங்குகிற ஃப்ளை ஒன்று வேண்டும். எண் 8 முள், தண்டில் செம்புக் கம்பி பத்துச் சுற்று, பிராய்லர் தூவியில் வால், கறுப்புக் கம்பளியில் உடம்பு, அதன் மேலே இடைவெளி விட்டுச் சுற்றிய சேவல் இறகு. உல்லி பக்கர் என்று உலகம் முழுக்கக் கட்டுகிறார்கள். தலைப்பிரட்டை, அட்டை, தட்டான் புழு என்று மீன் எதை நினைத்தாலும் அதற்குப் பொருந்தும். ஜிலேபியும் குரவையும் விடாது. விராலுக்குப் பெரிய முள், களையில் மாட்டாதபடி முன்னால் ஒரு நரம்பு வளையம், தவளை மாதிரி உடம்பு. அதை ஒரு வருஷம் கழித்துப் பாருங்கள்.

புன்னைக்காயல் முகத்துவாரத்தில் கொடுவா, பாறை என்று ஆசை வந்தால் கிடா வால் முடிக்கு அங்கே வேலை இருக்கிறது. 1987-இல் அமெரிக்காவில் பென்சில்வேனியாவைச் சேர்ந்த பாப் கிளவுசர், முள்ளின் தண்டில் கனமான இரட்டைக் கண் வைத்து ஒரு குஞ்சு மீன் ஃப்ளை கட்டினார். கண்ணின் எடையில் முள் தலைகீழாகத் திரும்பி, நுனி மேலே பார்த்தபடி ஓடும். அடிப்பாறையில் மாட்டுவது குறையும். கண்ணுக்குச் சாவிக்கொத்தின் மணிச்சங்கிலியில் இரண்டு மணியை வெட்டி வைக்கலாம். உப்புத் தண்ணீருக்குத் துருப்பிடிக்காத முள்ளாக வாங்குங்கள்.

எங்கே வீசுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான குளத்தில் மீன் பாசி குத்தகை உண்டு. குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். ஃப்ளையைக் கையில் காட்டினால் அவர்களே பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள். காரையாறு, சேர்வலாறு எல்லாம் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது, அங்கே தூண்டிலோடு போகக் கூடாது. பாபநாசம் கோயில் படித்துறை மீன், ஜனங்கள் பொரி போட்டு வளர்க்கிற மீன். அந்தப் பக்கம் கம்பை விரிக்கவே வேண்டாம்.

ஈசல் ஃப்ளை ஒரு மீன் பிடித்ததும் கொழகொழவென்று ஆகி முங்கப் பார்க்கும். தண்ணீரில் அலசி, கைக்குட்டையில் ஒற்றி, இரண்டு தடவை காற்றில் வீசினால் மறுபடி மிதக்கும். மூன்றாவது மீனுக்குப் பிறகு புதுசை மாற்றுங்கள். அதற்காகத்தான் குறைந்தது ஆறு ஈசலாவது கையில் இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் ஃப்ளை டப்பாவை மூடாமல் ராத்திரி முழுக்கத் திறந்து வையுங்கள். ஈரத்தோடு மூடினால் ஒரே வாரத்தில் முள் எல்லாம் துரு.